ஒரு கோப்பை முந்திரிப்பருப்பு எத்தனை கிராம்? சமையலில் எடையும் கொள்ளளவும்

அவுஸ்திரேலியக் கடைகளில் பாதாம், முந்திரிப்பருப்பு (மரமுந்திரிகை, கஜு), நிலக்கடலை (கச்சான்), பிஸ்தா, வால்நட் ஆகியன எடைக் கணக்கிலேயே விற்கப்படுகின்றன. பொதியின் மேல் 250 கிராம், 500 கிராம் என்று அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் நம்மிற் பலர் சமைப்பது கொள்ளளவுக் கணக்கிலாகும். தாயிடமிருந்தோ மாமியாரிடமிருந்தோ கேட்டு எழுதிக்கொண்ட குறிப்புகளில் “ஒரு கப்”, “அரைச் சுண்டு”, “ஒரு டம்ளர்” என்றே அளவுகள் காணப்படும். இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையே சரியாக மாறத் தெரியாவிடின் பலகாரம் பதம் தவறும். தேவைக்கு மேல் வாங்கிப் பணமும் வீணாகும். கொட்டைப் பருப்புகள் விலையுயர்ந்த பொருட்கள் என்பதால் இந்தச் சிறு கணக்கைக் கற்றுக்கொள்வது பயனுடையது.

முதலில் களைய வேண்டிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. அவுஸ்திரேலிய அளவுக் கோப்பையின் கொள்ளளவு 250 மில்லிலீற்றர். இதைக் கொண்டு, ஒரு கோப்பை நிறைய இடப்படும் எப்பொருளும் 250 கிராம் எடையுடையது என்று பலர் கொள்கின்றனர். அது தண்ணீருக்கு மட்டுமே பொருந்தும். ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம் எடையுடையது. ஆகவே 250 மில்லிலீற்றர் தண்ணீர் 250 கிராம் இருக்கும். பாலும் ஏறக்குறைய அவ்வாறே. ஆனால் அதே கோப்பையில் முழு முந்திரிப்பருப்பை நிரப்பினால் தராசு 150 கிராம் அளவையே காட்டும். வால்நட் பருப்பின் பாதிகளை நிரப்பினால் 100 கிராம் மட்டுமே இருக்கும்.

இதற்குக் காரணம், பருப்புகளுக்கு இடையே உள்ள காற்றிடமே. முழுப் பருப்புகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தி அமர்வதில்லை. ஒரு கோப்பையில் முழுப் பாதாமை விளிம்பு வரை நிரப்பி, அதன் மேல் அளந்து தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஏற்கெனவே நிறைந்துவிட்டதாகத் தோன்றும் கோப்பைக்குள் சுமார் 100 மில்லிலீற்றர் தண்ணீர் செல்லும். அதாவது கோப்பையின் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடமாகவே இருந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம். நனைந்த பாதாமை ஊறவிட்டு அரைத்துக்கொண்டால் வீணாகாது. இதற்கு மாறாக, கச்சானைக் கூழாக அரைத்துச் செய்யப்படும் கடலை வெண்ணெயில் காற்றிடம் இல்லை. அதனால் அது ஒரு கோப்பைக்குச் சுமார் 270 கிராம் வரை எடையிருக்கும். முழுக் கச்சானோ அதே கோப்பைக்கு 150 கிராம் அளவுதான். பொருள் ஒன்றே எனினும் வடிவம் மாறியவுடன் எடை ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது.

அடுத்து, குறிப்பில் உள்ள “கோப்பை” எந்த நாட்டுக் கோப்பை என்பதை அறிய வேண்டும். அவுஸ்திரேலியாவில் அது 250 மில்லிலீற்றர். அமெரிக்கக் கோப்பை சுமார் 237 மில்லிலீற்றர். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு வீட்டுச் சமையலில் பெரிதாகத் தெரியாது. ஆனால் நம் சமையலறைகளில் இன்னொரு கோப்பை இருக்கிறது: மின்சாரச் சோற்றுப் பானையுடன் வரும் நெகிழிக் கோப்பை. அதன் கொள்ளளவு பொதுவாக 180 மில்லிலீற்றரே. அரிசிக்காகச் செய்யப்பட்ட அந்தக் கோப்பையால் முந்திரிப்பருப்பை அளந்தால் 150 கிராமுக்குப் பதிலாகச் சுமார் 108 கிராமே கிடைக்கும். கால் பங்குக்குச் சற்று மேல் குறைந்துவிடும். ஒரே குறிப்பில் உள்ள எல்லாப் பொருட்களையும் அந்த ஒரே கோப்பையால் அளந்தால் விகிதம் கெடாது. பருப்பை ஒன்றாலும் சீனியை மற்றொன்றாலும் அளக்கும்போதே சிக்கல் எழுகிறது.

கரண்டியிலும் இவ்வாறான வேறுபாடு உண்டு. அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர். பிரித்தானியா, அமெரிக்கா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர். தேக்கரண்டி எங்கும் 5 மில்லிலீற்றர் என்றே கொள்ளலாம். 30 கிராம் பாதாம் தூள் வேண்டுமெனில் அவுஸ்திரேலியக் கரண்டியால் மூன்று கரண்டி. 15 மில்லிலீற்றர் கரண்டியால் நான்கு கரண்டி. முழுப் பருப்புகளைக் கரண்டியால் அளப்பதில் பொருளில்லை. ஒரு பாதாம் கூடவோ குறையவோ இருந்தால் கணக்கு மாறிவிடும். அவற்றை எண்ணிக் கொள்வதே மேல்.

250 மில்லிலீற்றர் கோப்பையில், அழுத்தாமல் நிரப்பி மேற்பரப்பைச் சமன் செய்தால் கிடைக்கும் தோராயமான எடைகள் இவை:

முழுப் பாதாம்: 150 முதல் 160 கிராம்
பாதாம் சீவல்: 80 முதல் 95 கிராம்
பாதாம் தூள்: 100 முதல் 120 கிராம்
முழு முந்திரிப்பருப்பு: 145 முதல் 150 கிராம்
தோல் நீக்கிய பிஸ்தாப் பருப்பு: 130 முதல் 140 கிராம்
கச்சான், ஓடு நீக்கியது: 140 முதல் 155 கிராம்
வால்நட் பாதிகள்: 100 முதல் 105 கிராம்
நறுக்கிய வால்நட்: சுமார் 120 கிராம்
மக்கடேமியா, ஹேசல்நட்: சுமார் 140 கிராம்
எள்: சுமார் 150 கிராம்
உலர் தேங்காய்ப்பூ: 80 முதல் 90 கிராம்

இந்த எண்களை நோக்கினால் ஒன்று புலப்படும். வால்நட் பாதிகளை நறுக்கும்போது ஒரு கோப்பையின் எடை கூடுகிறது. ஏனெனில் சிறு துண்டுகள் இடைவெளிகளை நிரப்புகின்றன. ஆனால் பருப்பை மேலும் நுணுக்கித் தூளாக்கினால் எடை மீண்டும் குறைகிறது. தூளின் துகள்களுக்கிடையே காற்று புகுந்து அது பொங்கி நிற்கிறது. பாதாமைச் சீவலாக்கினாலும் அவ்வாறே. சீவல்கள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக விழுவதால் கோப்பை விரைவில் நிறைந்ததாகத் தோன்றும். ஆகவே “பாதாம் ஒரு கோப்பை” என்ற சொற்றொடர் தன்னளவில் முழுமையற்றது. முழுப் பாதாமா, சீவலா, தூளா என்பது தெரியாமல் அதைக் கிராமாக மாற்ற முடியாது.

இங்கே சொற்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும். “நறுக்கிய வால்நட் ஒரு கோப்பை” என்றால் முதலில் நறுக்கிப் பின்னர் அளக்க வேண்டும். அது சுமார் 120 கிராம். “வால்நட் ஒரு கோப்பை, நறுக்கியது” என்றால் முதலில் அளந்து பின்னர் நறுக்க வேண்டும். அது சுமார் 100 கிராம். ஆங்கிலச் சமையல் நூல்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றன. தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் இது அவ்வளவாகப் பேணப்படுவதில்லை. ஊறவைத்துத் தோலுரிக்கும் பாதாமுக்கும் இதே விதியே. ஊறிய பாதாம் நீரை உறிஞ்சி எடையிலும் பருமனிலும் கூடிவிடும். குறிப்பில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், ஊறவைக்கும் முன் உலர்ந்த நிலையில் அளப்பதே வழக்கம்.

இந்த வேறுபாடுகள் குருமா, பாயசம் போன்றவற்றில் பெரிய தீங்கு செய்வதில்லை. பத்துக் கிராம் முந்திரி கூடினால் குருமா சற்றுக் கெட்டியாகும்; அவ்வளவே. பாகு காய்ச்சிச் செய்யும் இனிப்புகள் அப்படியல்ல. காஜு கத்லியை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அளவு, முழு முந்திரிப்பருப்பு ஒரு கோப்பைக்குச் சீனி அரைக் கோப்பை, தண்ணீர் கால் கோப்பை. பருப்பைத் தூளாக்கி, ஒரு கம்பிப் பதத்தில் காய்ச்சிய பாகில் சேர்த்துக் கிளறுவர். கொள்ளளவில் இது இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம். இதைக் கேட்டு ஒருவர், “எடையிலும் இரண்டுக்கு ஒன்றுதானே” என்று கருதி, 150 கிராம் பருப்புக்கு 75 கிராம் சீனி சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தவறிவிட்டார். சீனி ஒரு கோப்பைக்குச் சுமார் 220 கிராம் எடையுடையது. அரைக் கோப்பை 110 கிராம். அவர் சேர்த்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. தூளைப் பிணைக்கப் பாகு போதாமல் கலவை உதிரும்.

மறுபுறத் தவறும் நிகழக்கூடும். கடையில் தூளாகவே வாங்கிய முந்திரியைக் கொண்டுவந்து ஒரு கோப்பை அளந்தால் அது சுமார் 110 கிராமே இருக்கும். அதற்கு அரைக் கோப்பைச் சீனி, அதாவது 110 கிராம், சேர்த்தால் பருப்பும் சீனியும் சம எடையாகிவிடும். கத்லி மிகுதியாக இனித்து, ஆறியபின் கல்லாக இறுகும். தூள் வாங்கியிருந்தால் 150 கிராமைத் தராசில் நிறுத்து எடுக்க வேண்டும். கோப்பைக் கணக்கில் அது ஒன்றேகால் கோப்பைக்கும் ஒன்றரைக் கோப்பைக்கும் இடையே வரும். கொள்ளளவில் சொல்லப்பட்ட விகிதத்தை அப்படியே எடைக்கு மாற்றக் கூடாது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே மாற்றியே கணக்கிட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதையே வையுங்கள்.

கணக்கிடும் முறை எளிது. கோப்பை எண்ணிக்கையைக் கிராமாக மாற்ற, ஒரு கோப்பையின் எடையால் பெருக்குங்கள். கிராமைக் கோப்பையாக மாற்ற, ஒரு கோப்பையின் எடையால் வகுங்கள். 200 கிராம் வால்நட் பாதிகள் வேண்டுமெனில் 200 ஐ 100 ஆல் வகுக்க, இரண்டு கோப்பை. 200 கிராம் முழுப் பாதாம் எனில் 200 ஐ 155 ஆல் வகுக்க, ஒன்றேகால் கோப்பைக்குச் சற்று அதிகம். இலங்கையில் எழுதப்பட்ட பழைய குறிப்புகளில் இறாத்தல், அவுன்ஸ் என்ற அளவுகள் வரும். ஓர் இறாத்தல் 454 கிராம். ஓர் அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல். இவை எடை அளவுகள். ‘லவ் கேக்’ குறிப்பில் அரை இறாத்தல் கஜு என்றிருந்தால் அது 227 கிராம், அதாவது ஒன்றரைக் கோப்பை. திரவங்களுக்குரிய அவுன்ஸ் வேறு, அது கொள்ளளவு. எட்டுத் திரவ அவுன்ஸ் கொண்ட அமெரிக்கக் கோப்பையை எட்டு அவுன்ஸ் எடையோடு குழப்பிக்கொள்வதால், மேலே சொன்ன அதே தவறு வேறு உருவில் மீண்டும் நேர்கிறது.

சுண்டு, பேணி, டம்ளர் ஆகியவற்றுக்கு என்ன செய்வது? இவற்றுக்கு எங்கும் பொருந்தும் ஓர் அளவு இல்லை. தமிழ்நாட்டில் எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற வாய்ப்பாடு பொதுவானது. ஆனால் அந்தப் படியே ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தது. இலங்கையில் பல வீடுகளில் வெறும் பால் பேணியே அளவையாகப் பயன்பட்டது. ஆகவே அட்டவணையில் தேடுவதைவிட, உங்கள் வீட்டிலுள்ள பாத்திரத்தையே அளந்துவிடுவது நல்லது. மின்தராசில் வெறும் பாத்திரத்தை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்னர் நீங்கள் வழக்கமாக நிரப்பும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம் எண்ணே அதன் மில்லிலீற்றர். ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளருக்கு 210 என்று வந்தால், அதை 250 ஆல் வகுத்து 0.84 என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த டம்ளரில் முழு முந்திரிப்பருப்பு 150 ஐ 0.84 ஆல் பெருக்க, 126 கிராம்.

பாற்பேணி பற்றி ஒரு குறிப்பு. இங்கே விற்கப்படும் இனிப்பூட்டிய கட்டிப்பால் பேணியில் 395 கிராம் என்று இருக்கும். அது உள்ளே இருக்கும் பாலின் எடை. பேணியின் கொள்ளளவு அன்று. கட்டிப்பால் தண்ணீரைவிட அடர்த்தியானது என்பதால் 395 கிராம் பால் சுமார் 300 மில்லிலீற்றர் இடத்திலேயே அடங்கிவிடுகிறது. அந்தப் பேணியை 395 மில்லிலீற்றர் அளவை என்று கொண்டு கணக்கிட்டால் எல்லாம் பிழைக்கும்.

குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் கைப்பிடிக் கணக்கில் சமைப்பவராக இருந்தால், அவர் சமைக்கும்போது தராசை அருகே வைத்து, அவர் எடுத்த பருப்பை இடும் முன் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை நிறுத்துச் சராசரி கண்டால் போதும். அம்மம்மாவின் கையளவு அவரோடு போய்விடாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. தராசு வாங்குவோர், பாத்திரத்தின் எடையைக் கழித்துச் சுழியமாக்கும் வசதியும் ஒரு கிராம் வரை காட்டும் திறனும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஐந்து கிராமுக்கும் குறைவான அளவுகளில் சாதாரணச் சமையல் தராசுகள் நம்பத்தக்கவை அல்ல. ஏலம், குங்குமப்பூ முதலியவற்றைக் கரண்டியிலோ எண்ணிக்கையிலோ அளப்பதே சரி.

கடைக்குச் செல்லும்போதும் இந்தக் கணக்கு உதவும். பெரிய பேரங்காடிகளில் விலைச்சீட்டின் ஓரத்தில் 100 கிராமுக்கு அல்லது ஒரு கிலோகிராமுக்கு என்ன விலை என்பது சிறிய எழுத்தில் இருக்கும். 2009 முதல் இது கட்டாய நடைமுறை. பொதியின் மொத்த விலையை விடுத்து இந்த அலகு விலையையே ஒப்பிடுங்கள். ஆயினும் ஓடுள்ள பருப்புக்கும் ஓடு நீக்கிய பருப்புக்கும் அலகு விலையை நேரடியாக ஒப்பிட முடியாது. ஓடுடன் கூடிய 100 கிராம் கச்சானில் சுமார் 70 கிராம் பருப்பு இருக்கும். பிஸ்தாவில் ஏறத்தாழ பாதி மட்டுமே பருப்பு. வால்நட்டில் பாதிக்கும் சற்றுக் குறைவு. உதாரணமாக, ஓடுள்ள பிஸ்தா 100 கிராம் 2 டொலர், ஓடு நீக்கியது 100 கிராம் 3 டொலர் 50 சதம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது மலிவாகத் தோன்றும். ஆனால் அதில் 100 கிராம் பருப்பைப் பெற 4 டொலர் செலவாகும். உரிக்கும் வேலையும் நம்முடையது.

பெருமளவில் சமைப்போருக்கு இது மேலும் முக்கியம். ஆறு பேருக்கான குருமாவுக்குக் கால் கோப்பை முந்திரிப்பருப்பு. 120 பேர் உண்ணும் பூப்புனித நீராட்டு விழாவுக்கோ கோயில் அன்னதானத்துக்கோ அதை இருபது மடங்காக்கினால் ஐந்து கோப்பை. எடையில் 750 கிராம். ஒரு கோப்பை 250 கிராம் என்று தவறாகக் கொண்டவர் 1 கிலோ 250 கிராம் வாங்குவார். கிலோ 20 டொலர் எனக் கொண்டால், ஒரு கறியில் மட்டும் 10 டொலர் வீண், குருமாவும் களியாகிவிடும். சிறு சமையலில் கண்ணுக்குத் தெரியாத பிழை, பெரிய அண்டாவில் தப்பாமல் தெரியும். பெருக்கும் முன் எடைக்கு மாற்றுங்கள். மாற்றிய பின்னரே பெருக்குங்கள்.

உடல்நலக் காரணங்களுக்காக அளந்து உண்போருக்கும் ஒரு சொல். அவுஸ்திரேலிய உணவு வழிகாட்டல்களில் கொட்டைப் பருப்பின் ஒரு பங்கு 30 கிராம். அது முழுப் பாதாமில் 20 முதல் 25 வரை; முந்திரிப்பருப்பில் 15 முதல் 20 வரை. கோப்பையில் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. கிண்ணத்தில் கொட்டி வைத்துத் தொலைக்காட்சி பார்த்தபடி உண்ணும்போது எவ்வளவு எளிதாக மூன்று பங்கு தாண்டும் என்பதை ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் தெரியும். சிறுநீரக நோய் போன்றவற்றுக்காக உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் தமக்குரிய அளவை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டறிய வேண்டும். அவர்கள் சொல்லும் அளவு கிராமிலா கோப்பையிலா என்பதையும் தவறாது கேளுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எந்த மாற்றுக் கணக்கும் பயன்படாது. ஒரு கோப்பையை அரைக் கோப்பையாகக் குறைத்ததால் உணவு அவர்களுக்குப் பாதுகாப்பானதாகிவிடாது. மிகச் சிறு அளவே சிலருக்கு உயிராபத்தை உண்டாக்கும். நம் சமையலில் முந்திரிப்பருப்பு அரைத்துச் சேர்க்கப்படுவதால் குருமாவிலோ இனிப்பிலோ அது கண்ணுக்குத் தெரிவதில்லை. 2024 பெப்ரவரி முதல், பொதியிடப்பட்ட உணவின் சிட்டையில் ‘கொட்டைகள்’ என்று பொதுவாகக் கூறாமல், பாதாம், முந்திரி, பிஸ்தா என ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் குறிப்பிட வேண்டும் என்பது அவுஸ்திரேலிய உணவுத் தர விதி. கச்சான் தாவர இயலில் பயறு இனத்தைச் சேர்ந்தது. அதுவும் தனியே குறிப்பிடப்படும். விழாக்களிலும் பொது விருந்துகளிலும் உணவு பரிமாறுவோர் இதே முறையைப் பின்பற்றி, எந்தப் பருப்பு எந்தக் கறியில் உள்ளது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைப்பது நல்லது. பருப்பை அளந்த கோப்பையையும் கரண்டியையும் கழுவாமல் வேறு உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள். இயன்றால் பருப்புக்கென்று ஒரு கோப்பையைத் தனியே ஒதுக்குங்கள். உண்டபின் ஒருவருக்கு மூச்சுத் திணறலோ நாக்கு, தொண்டை வீக்கமோ ஏற்பட்டால் உடனே 000 என்ற எண்ணை அழைத்து ஆம்புலன்ஸ் கேட்க வேண்டும். உணவை விற்பதாயின், கடை ஒரு நாளுக்கு மட்டுமே என்றாலும், விழாவுக்கு முன்னரே நகரசபையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவினரிடம் பேசி, அறிவித்தலோ பதிவோ தேவையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்போது பருப்புகளின் பெயரும் கிராம் அளவும் எழுதிய உங்கள் சமையற் குறிப்பையும் கையில் வைத்திருங்கள்.